குச்சி எந்தப் பக்கம் நின்றது

அன்புள்ள சண்முகம்,

கல்கத்தாவிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்து இன்றோடு பதினெட்டு நாள். நாலு தடவை பதில் எழுத உட்கார்ந்தேன். நாலு தடவையும் பாதியில் கிழித்துப் போட்டேன். கிழித்ததையெல்லாம் உன் அம்மா பொறுக்கி வைத்து அடுப்புப் பற்றவைத்தாள். "உங்க கடுதாசியிலே ரெண்டு நாள் காப்பி போட்டாச்சு, இன்னும் நாலு எழுதினீங்கன்னா சோறும் வடிச்சுடலாம்" என்றாள். இதை எழுதும்போதுகூட இரண்டு தடவை எழுந்துபோய்க் கொல்லைக் கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். அது சாத்தித்தான் இருந்தது.

நீ சந்தோஷமாக எழுதியிருந்தாய். கிடர்பூர் துறையில் உன்னைப் படகில் ஏற்றிக் கப்பல் டிராப்ட் பார்க்கச் சொன்னார்களாம். நீ பார்த்த மாத்திரத்தில் எண்ணைச் சொன்னாயாம். கூட இருந்தவர்கள் ஆச்சரியப்பட்டபோது, "முப்பது வருஷம் இந்த வேலை பார்த்து ஒரு எண்கூடத் தப்பாக எழுதாதவர் என் அப்பா" என்று சொன்னாயாம். அந்த வரியைப் படித்தபோது அம்மா எதிரில்தான் இருந்தாள். "பாத்தீங்களா உங்க புள்ளையை" என்றாள். நான் கண்ணாடியைத் துடைப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன். பதினெட்டு நாளாக அந்த வரிதான் என்னை உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை. அடுத்த மாதம் பயிற்சி முடிந்து நீ இங்கே வந்து, நான் இருந்த அதே கப்பல் கம்பெனியில், அநேகமாக அதே அறையில் உட்காரப் போகிறாய். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. பிறர் சொல்லி உனக்குத் தெரியக்கூடாது.

எனக்கு எதையும் வரிசையாகச் சொன்னால்தான் கை ஓடும். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள். கப்பல் தண்ணீரில் எத்தனை அடி அழுந்தியிருக்கிறது என்பதுதான் டிராப்ட். அதைத் தெரிந்துகொள்ள முன்மூக்கிலும் பின்புறத்திலும் அடிக்கு ஒன்றாக எண்களை வெட்டி, வெள்ளைச் சாயம் பூசியிருப்பார்கள். தண்ணீர் எந்த எண்ணின் அடிப்பக்கத்தைத் தொடுகிறதோ அத்தனை அடி. எண்ணின் உயரம் ஆறு அங்குலம் என்பதால், அதன் தலையைத் தொட்டால் அரை அடி கூடுதல். சில கப்பல்களில் ஒரு பக்கம் நம்முடைய சாதாரண எண்ணும் மறுபக்கம் ரோமன் எண்ணும் இருக்கும். ரோமன் எண்ணுக்குப் பூஜ்யம் கிடையாது. X என்றால் பத்து, V என்றால் ஐந்து, I என்றால் ஒன்று. பெரியதற்குப் பின்னால் சிறியது நின்றால் கூட்ட வேண்டும், முன்னால் நின்றால் கழிக்க வேண்டும். XXIV இருபத்துநாலு. XXVI இருபத்தாறு. இரண்டிலும் இருப்பது அதே நாலு எழுத்துத்தான். குச்சி எந்தப் பக்கம் நிற்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம், ஆனால் அது இரண்டடித் தண்ணீர்.

நம் வீட்டுக் கடிகாரத்தில் நாலு மணிக்கு நேராக IIII என்று நாலு குச்சி நிற்பதை நீ சிறு வயதில் கண்டுபிடித்தாய். பாடப் புத்தகத்தில் IV என்று இருக்கிறதே, எது சரி என்று கேட்டாய். பல கடிகாரங்களில் அப்படித்தான் போடுகிறார்கள், காரணம் எனக்குத் தெரியாது என்றேன். இப்போது நினைத்தால், அந்த முகப்பை வரைந்தவர் என்னைப் போலப் பயந்த சுபாவம் உள்ளவராக இருப்பார் என்று தோன்றுகிறது. நாலு குச்சியை நிறுத்திவிட்டால் முன்னால், பின்னால் என்ற பேச்சே இல்லை.

இந்த வேலையில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு நானே ஒரு முறை வகுத்துக்கொண்டேன். நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே, கப்பலில் பார்த்ததைப் பார்த்தபடி எழுத்து எழுத்தாக வரைவேன். கரைக்கு வந்த பிறகுதான் அதன் கீழே சாதாரண எண்ணில் மாற்றி எழுதுவேன். பார்ப்பதும் மாற்றுவதும் ஒரே நேரத்தில் கூடாது. இன்னொன்று, தண்ணீரைத் தொடும் எண்ணை மட்டும் நம்பாமல் அதற்கு மேலே உள்ள எண்ணையும் பார்ப்பேன். மேலே XXVII என்று இருந்தால் கீழே இருப்பது XXVI ஆகத்தான் இருக்க முடியும். பக்கத்தின் அடியில் 'பார்த்தவர்', 'எழுதியவர்' என்று இரண்டு கோடு போட்டு, இரண்டிலும் என் கையெழுத்தைப் போடுவேன். மற்ற குமாஸ்தாக்கள் சிரிப்பார்கள். ஆனால் வெளியே பயந்தவனாக இருந்தாலும் உள்ளே எனக்கு ஒரு கர்வம் இருந்தது. ராயபுரம் மிஷன் பள்ளியில் ரோமன் எண்ணை மனத்திலேயே மாற்றிச் சொல்வதில் நான்தான் முதல். அந்தக் கர்வம் பல வருஷம் சும்மா கிடந்து ஒருநாள் தலையெடுத்தது.

படகு வலித்தவர் எல்லப்பன். பன்னிரண்டு வருஷம் என்னைத் துறைமுகத்துக்குள் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றவர். அப்போதெல்லாம் 'அவன்' என்றுதான் சொல்வேன். இந்தக் கடிதத்தில் 'அவர்' என்றே எழுதுகிறேன், கொஞ்சம் தாமதமான மரியாதைதான். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என்னோடு சுற்றியதில் அந்த எண்களுக்கெல்லாம் தாமாகவே பெயர் வைத்திருந்தார். X கத்திரி, V புனல், I குச்சி. "இன்னா ரைட்டரே, இன்னிக்குக் கத்திரி ரெண்டா ஒண்ணா" என்று கேட்டுக்கொண்டேதான் துடுப்பைப் போடுவார். நான் எண்ணைச் சொன்னால் மனத்தில் வாங்கி வைத்துக்கொள்வார். அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அது படிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

சுதந்திரம் வந்ததற்கு அடுத்த வருஷம், மழைக்கு முந்தின வாரம் அது. பாதி சரக்கு இறக்கிய ஒரு கப்பலை உள்பக்கத்துக் கரைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்தக் கரையில் இருபத்தைந்து அடிக்கு மேல் அழுந்திய கப்பலை நிறுத்தக் கூடாது. சாதாரண எண் உள்ள பக்கம் கரையோடு ஒட்டி மறைந்திருந்தது. கடல் பக்கம் ரோமன் எண். முன்மூக்கைச் சரியாகவே பார்த்து, நோட்டில் தனிப் பக்கத்தில் வரைந்தேன். பின்பக்கம் வந்தபோது அலை எழும்பத் தொடங்கியிருந்தது. துரு ஒழுகி ஒழுகிக் கோடு கோடாக இறங்கியிருந்தது. மேலே கப்பல் ஓரத்திலிருந்து எங்கள் மேஸ்திரி எட்டிப் பார்த்துக் கத்தினார்: "என்னய்யா அங்க, ஜாதகமா எழுதறே? டக்கு வந்து நிக்கிது." டக்கு என்பது கப்பலை இழுத்துப் போகும் சிறு கப்பல். அது புகை விட்டுக்கொண்டு காத்திருந்தது. நான் வரையவில்லை. மேலே உள்ள எண்ணையும் பார்க்கவில்லை. ஒரு பார்வையில் மனத்திலேயே மாற்றி, 24 என்று நோட்டில் நேராக எழுதினேன்.

"குச்சி அப்பால கீது ரைட்டரே" என்றார் எல்லப்பன்.

"என்ன?"

"புனலுக்கு அப்பால நிக்கிது குச்சி. முன்னாடி தெரியிறது துரு ஒய்கினது. நீ இன்னா எய்தின?"

"இருபத்துநாலு."

"இருபத்துநாலுக்குக் குச்சி முன்னாடி இல்ல நிக்கணும்? போன வாரத்துக் கப்பல்ல முன்னாடி நின்னிச்சே. நீதான சொன்ன, இருபத்துநாலுன்னு."

அவர் சொன்னதுதான் சரியோ என்று அந்த நொடியே எனக்குச் சந்தேகம் வந்தது. இதை உன்னிடம் மறைக்கமாட்டேன். மறுபடியும் தலையைத் தூக்கிப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். ஆனால் மேஸ்திரி மேலே நிற்கிறார், டக்கு காத்திருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் எனக்கு எண் சொல்லித் தருகிறார். "நீ துடுப்பைப் பாரு" என்றேன். அவர் துடுப்பைப் பார்த்தார். கப்பல் அதிகாரி என் சீட்டைப் பார்த்து அப்படியே கையெழுத்துப் போட்டார்.

கப்பல் கரை மாறியது. சாயங்காலம் தண்ணீர் இறங்கியதும் பின்பக்கம் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இரண்டு நாள் இரண்டு டக்கு சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. கயிறு ஒன்று அறுந்து கரைக் கம்பிகளை அடித்து நொறுக்கியது. அங்கே ஒரு நிமிஷத்துக்கு முன் நின்றவர்கள் வெற்றிலை போட நகர்ந்திருந்தார்கள். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நொறுங்கிய கம்பிகளைப் போய்ப் பார்த்தேன். அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். நீ எதிரில் உட்கார்ந்து வரலாறு உருப்போட்டுக்கொண்டிருந்தாய்.

மூன்றாம் நாள் கம்பெனித் துரை கூப்பிட்டார். என்னை வைய அவருக்கு விருப்பமில்லை. என் நோட்டுகளை அவருக்குப் பிடிக்கும். நான் தப்புப் பார்த்தேன் என்றால் என்னைப் புகழ்ந்து எழுதிய அவருக்கும் சங்கடம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பார்க்கும்போது படகு ஆடியதா? ஆடியது என்றேன். அது பொய் இல்லை, சண்முகம். படகு ஆடத்தான் செய்தது. ஏழு வருஷமாக இந்த 'பொய் இல்லை' என்பதைத்தான் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். துரை தலையை ஆட்டிவிட்டு, படகுக்காரன் படகை நிலையாகப் பிடிக்காததால் எண் தப்பாகத் தெரிந்தது என்று எழுதினார். எல்லப்பன் அரைக்கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை. கேட்டில் அவருடைய பாஸை வாங்கிக்கொண்டார்கள். பாஸ் இல்லாமல் துறைமுகத்துக்குள் கால் வைக்க முடியாது.

வெளியே வந்தபோது அவர் எனக்காகக் காத்திருந்தார்.

"இன்னா ரைட்டரே, படகு ஆடிச்சின்னியாமே."

"ஆடிச்சே, எல்லப்பா."

"தண்ணியில நிக்கிற படகு ஆடாம, உன் வூட்டு நாக்காலியா அது?" என்று சிரித்தார். கோபம் இல்லாத சிரிப்பு. பிறகு, "குச்சி சமாச்சாரம் சொன்னியா?" என்று கேட்டார்.

நான் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி வுடு. புள்ள பட்ச்சிகினு கீதில்ல" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த ஒரு வார்த்தையை அவரே என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நான் அதை இறுகப் பற்றிக்கொண்டேன். பிள்ளை படிக்கிறான், வேலை போனால் படிப்பு நிற்கும், அதனால்தான் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்று உன்னிடம் திருத்திச் சொல்கிறேன். உனக்காக நான் அப்படிச் செய்யவில்லை. துரையின் அறையில் நின்றபோது உன் நினைவு எனக்கு வரவேயில்லை. பயம் ஒன்றுதான் இருந்தது. நீ பிறகுதான் வந்தாய், எல்லப்பன் சொன்ன பிறகு. ஆகவே அந்தச் சுமையில் ஒரு குன்றிமணிகூட உன் பங்கு இல்லை.

அடுத்த ஜூனில் பள்ளிக்கூடத்தில் நீ நாலாம் பாரம் போனாய். சீட்டில் IV என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் பள்ளிக்கூட ஆபீசுக்குத் திரும்பித் திரும்பி மூன்று தடவை போய், இது நாலுதானே, ஆறு இல்லையே என்று கேட்டேன். தலைமைக் குமாஸ்தா எரிந்து விழுந்தார். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, "ஆறாம் பாரத்துல என்னை எப்படிப்பா விடுவாங்க, பெஞ்சுல உக்காந்தா தலையே தெரியாது" என்றாய். அந்தக் கதையை வீட்டில் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருப்பாய். நானும் கூடச் சிரிப்பேன். அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தது உன் சீட்டை இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால், உன் கடிதம் வருவதற்கு நாலு நாள் முந்தி, எல்லப்பன் நம் வீட்டுக்கு வந்தார். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எண்ணூர்க் கழியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சுண்ணாம்புக் காளவாய்க்குக் கிளிஞ்சல் அள்ளுகிறாராம். விரல் நுனியெல்லாம் வெடித்து வெள்ளையாக இருந்தது. உள்ளே வரச் சொன்னேன். "காலெல்லாம் சேறு, வூடு கலீஜாயிடும்" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்தார். அம்மா காப்பி கொடுத்தாள்.

துறைமுகத்தில் படகுக்காரர்களுக்கு நிரந்தரப் பட்டியல் போடுகிறார்களாம். பழைய ஆட்களையும் சேர்க்கிறார்களாம். ஆனால் தப்புச் செய்து பாஸ் போனவர்களுக்கு இடமில்லை. அவர்மேல் தப்பு இல்லை என்று, அன்று உடன் இருந்தவர் யாராவது மாதக் கடைசிக்குள் எழுதிக் கொடுத்தால் பார்ப்பார்கள்.

"ஒரு காயிதம் வோணும் ரைட்டரே. படகு ஆடலைன்னு நீ பொய் எய்த வோணாம். ஆடிச்சி, தண்ணியில படகு ஆடும், அது ஒரு தப்பான்னு எய்து. போதும்."

"பார்க்கலாம் எல்லப்பா" என்றேன். அந்தப் 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "அவர் கேட்டது ஒரு காயிதம். நீங்க என்னமோ வீட்டைக் கேட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க" என்றாள். அப்போதுதான் அவளிடம் முதல்முதலாகச் சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் புடைப்பதை நிறுத்தவில்லை. முடிந்த பிறகு ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "ஏழு வருஷமா தினம் மூணு தடவை கதவைப் பூட்டிப் பூட்டிப் பாத்தீங்களே, திருடன் உள்ளேதான் இருந்திருக்கான்" என்றாள்.

உடனே எழுதிக் கொடுத்திருக்கலாம். ஏன் எழுதவில்லை என்றால், அதற்குள் உன் கடிதம் வந்துவிட்டது. துறைமுக ஆபீசுக்குப் போகும் காகிதம் சரிபார்ப்பதற்காக நம் கம்பெனிக்கு வரும். நீ வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே அது உன் அறைக்கு வரலாம். உன் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. 'இவன் அப்பன்தான் கப்பலைச் சேற்றில் உட்கார வைத்தவன்' என்று யாராவது சொல்லலாம். அதனால் உன்னிடம் சம்மதம் கேட்டு எழுதினேன். அடுப்புக்குப் போன நாலு கடிதமும் அப்படிச் சம்மதம் கேட்டவைதான். நாலாவதைக் கிழிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. நீ வேண்டாம் என்று எழுதினால், எழுதாததற்குக் காரணம் நீ என்று ஆகும். நீ சரி என்று எழுதினால், உன் பெயர் கெட்டதற்கும் நீயே பொறுப்பு என்று ஆகும். எப்படிப் பார்த்தாலும் நான் மறுபடியும் ஒருவரைக் காட்டி, படகு ஆடியது என்று சொல்லப் போகிறேன். ஆகவே இந்தக் கடிதத்தில் உன்னிடம் எதையும் கேட்கவில்லை.

நேற்று இந்த இடத்தில் நிறுத்தினேன். எழுதிவிட்டதாலேயே ஏதோ செய்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வரத் தொடங்கியது. அந்த நிம்மதியைக் கண்டு பயந்துபோய், மீதியை மூடி வைத்துவிட்டு இன்று காலை எண்ணூருக்குப் பஸ் ஏறினேன். பெட்டியின் அடியிலிருந்து அந்த வருஷத்து நோட்டையும் எடுத்துக்கொண்டேன். திருவொற்றியூர் தாண்டி ஒரு பழைய மைல்கல், அதில் ரோமன் எண். பஸ் போகிற வேகத்தில் VI என்றும் தெரிந்தது, IV என்றும் தெரிந்தது. தெரிந்து எனக்கு ஒன்றும் ஆகவேண்டியதில்லை. ஆனாலும் இருப்புக்கொள்ளாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து போய்ப் பார்த்தேன். VI. கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி காத்து நின்றேன். உன் அப்பாவின் லட்சணம் இது.

கழி ஓரத்தில் கிளிஞ்சலைக் கூடையிலிட்டு அலசிக்கொண்டிருந்தார் எல்லப்பன். என்னைப் பார்த்ததும், "பஸ்ஸு மாறி வன்ட்டியா ரைட்டரே?" என்றார்.

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன்."

"அப்ப நெஜமாவே பஸ்ஸு மாறித்தான் வந்துகீற" என்று சிரித்துக் கையைத் துடைத்துக்கொண்டார்.

கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் மேல் உட்கார்ந்து எழுதினேன். கப்பலின் பெயர், கரை, நாள், வேளை. துரு ஒழுகலை நான் குச்சி என்று எடுத்துக்கொண்டது. மேலே உள்ள எண்ணைப் பார்க்காதது. படகுக்காரர் அப்போதே தப்பைச் சுட்டிக்காட்டியது. நான் அவரைத் துடுப்பைப் பார்க்கச் சொன்னது. விசாரணையில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி மீதியை மறைத்தது. எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லப்பன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"துடுப்பைப் பாருன்னதை எய்த வோணாமே" என்றார். "அத்தெல்லாம் எதுக்கு அவங்களுக்கு."

"எழுதியாச்சு" என்றேன்.

பிறகு அந்த நோட்டைத் திறந்தேன். முப்பது வருஷத்து நோட்டுகளில் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் மேலே ரோமன் எண் வரைந்திருக்கும், கீழே அதை மாற்றி எழுதியிருப்பேன். அந்த ஒரு பக்கத்தில் மட்டும் மேலே வெறுமையாக இருக்கிறது. கீழே 24. அந்த வெறுமையான இடத்தைக் காட்டி, "அன்னிக்கு நீ என்ன பார்த்தே எல்லப்பா? இங்கே வரைஞ்சு காட்டு" என்று பென்சிலைக் கொடுத்தேன்.

அவர் பென்சிலை உளி மாதிரிப் பிடித்தார். "ஒண்ணு, ரெண்டு கத்திரி" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே இரண்டு பெரிய X போட்டார். அடுத்து ஒரு புனல். பிறகு நிறுத்தி, என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு, புனலுக்குப் பின்னால் அழுத்தமாக ஒரு குச்சி. அதோடு நிற்கவில்லை. அதற்கு மேலே இன்னும் ஒரு வரிசை வரைந்தார். இரண்டு கத்திரி, புனல், இரண்டு குச்சி. "மேல இது கீது. அத்த பாத்துத்தான் சொன்னேன்" என்றார்.

என்னுடைய முறையை அவர் எனக்கு முன்னால் செய்திருக்கிறார். பன்னிரண்டு வருஷம் என் எதிரில் உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டதை, நான் அன்று ஒரு நிமிஷத்தில் கைவிட்டேன். 24 ஐ ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் 26 என்று எழுதினேன். 'எழுதியவர்' என்ற கோட்டில் என் கையெழுத்து இருந்தது, அது இருக்கட்டும். 'பார்த்தவர்' என்ற கோட்டிலும் இருந்த என் கையெழுத்தை அடித்துவிட்டு, எல்லப்பன் என்று தெளிவாக எழுதினேன். அவர் பக்கத்திலேயே கட்டைவிரல் ரேகை வைத்தார். மை இல்லை, கழிச் சேறுதான்.

நேராகத் துறைமுக ஆபீசுக்குப் போய்க் கொடுத்தேன். நோட்டுப் பக்கத்தையும் தனியாக எடுத்து இணைத்தேன். அங்கே இருந்த குமாஸ்தாவுக்கு உன் வயதுதான் இருக்கும். புரட்டிப் பார்த்து, "சார், இங்கே ரெண்டு நம்பர் இருக்குது, எது கரெக்ட்?" என்றார். எல்லப்பன் முதலில் வரைந்த கீழ் வரிசையைக் காட்டி, இதுதான் என்றேன். "இது என்ன நம்பர்?" என்று கேட்டார். ஏழு வருஷத்துக்கு முன்னால் துரையின் அறையில் சொல்லியிருக்க வேண்டியதை அந்தப் பிள்ளையிடம் சொன்னேன். "இருபத்தாறு." குரல் தேவைக்குமேல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். பட்டியலில் எல்லப்பன் பெயர் வருமா என்று கேட்டேன். சொல்ல முடியாது, போர்டில் ஒட்டும்போது வந்து பாருங்கள் என்றார்கள். தினமும் போய்ப் பார்ப்பேன். எப்படியும் என்னால் வீட்டில் உட்கார முடியாது.

இனிமேல் நடப்பது என் கையில் இல்லை. அந்தக் காகிதம் உன் மேஜைக்கு வந்தால் அதை அடியில் தள்ளி வைக்காதே. யாராவது கேட்டால், அது என் அப்பாதான் என்று சொல். உனக்கு என்மேல் கோபம் வந்தால் அது நியாயம். கோபத்தோடேயே வீட்டுக்கு வா, அம்மா இருக்கிறாள். வேலையில் உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். பார்த்ததை முதலில் பார்த்தபடி வரை, மாற்றுவதைப் பிறகு செய். அவசரப்படுத்துகிறவர் கப்பலின் மேலே நிற்பார், நீ தண்ணீரில் இருப்பாய் என்பதை மறக்காதே. படகு வலிக்கிறவர் ஏதாவது சொன்னால் தலையைத் தூக்கி இன்னொரு தடவை பார். ஒரு நிமிஷம்தான் ஆகும்.

கல்கத்தாவிலிருந்து புறப்படுவதற்கு முன்னால் ஒன்று செய். என்னைப் பற்றி யாரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாயோ, அவர்களிடம் போய்த் திருத்திச் சொல்லிவிடு. முப்பது வருஷத்தில் ஒரு எண் தப்பு. அதை அன்றே சரியாகப் படித்தவர் பெயர் எல்லப்பன்.

உன் அப்பா